கோகிலாவுக்கு ஒரு கரண்டி அதிகம்

நடந்தவை, வரிசையாக:

1. ஆடி மாதக் கடைசியில் எனக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஆபீஸ் கேண்டீன் தயிர்சாதத்தின் மேல் பழி போட்டேன்.

2. அது நின்ற பிறகு, ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து, கால் விரல்கள் மரத்துப்போயின. புதுச் செருப்பு என்று நினைத்தேன்.

3. மறுநாள் பீளமேட்டில் பஸ் ஏறக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. "ஆகட்டுமுங்க அம்மணி, ஏறுங்க" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

4. அன்று மாலை வீட்டுப் படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

5. முதலில் பார்த்த டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். அம்மா முருங்கைக்கீரை சூப் வைத்தார்.

6. அதற்கடுத்த நாள் கை. தலை வாரும்போது சீப்பு விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது.

7. தனியார் மருத்துவமனை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நோயின் பெயர் கிலன் பாரே என்றார்கள்.

8. எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் பெங்களூரில் ட்ரெயினிங்கில் இருப்பதாக அப்பா உறவினர்களிடம் சொன்னார்.

எட்டாவதையும் நோயின் ஒரு பகுதியாகவே சேர்த்திருக்கிறேன்.

என்னைப் போல் இந்த நோய் வந்து பயந்து கிடப்பவர்களுக்காக, மருத்துவ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நரம்பு என்பது ஒரு ஒயர். அதன் மேல் ஓர் உறை உண்டு. ஏதோ ஒரு கிருமி உள்ளே வருகிறது, உடம்பின் காவல் படை அதை எதிர்க்கக் கிளம்புகிறது. கிருமியை முடித்துவிட்டு நிற்காமல், ஆள் தெரியாமல், நரம்பின் உறையையும் தின்னத் தொடங்குகிறது. உறை போன ஒயரில் செய்தி போகாது. மூளை "நட" என்கிறது, காலுக்குக் கேட்பதில்லை. காலில் தொடங்கி மேலே ஏறும். மார்பு வரை ஏறினால் மூச்சு நிற்கும். ஏறுவது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நின்ற பிறகு, பெரும்பாலோருக்கு, மெதுவாக இறங்கும். டாக்டர் "பெரும்பாலோருக்கு" என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஒரு சோதனை செய்வார்கள். இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண வேண்டும். முதல் நாள் நர்ஸ் போதும் என்று சொல்லும் வரை எண்ணினேன். பிறகு ஒவ்வொரு முறையும் சீக்கிரமே மூச்சு முட்டியது. கணக்குப் பாடம் எனக்குப் பயமாக இருந்தது அப்போதுதான். இன்னொரு சோதனையில் கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் விட்டு, செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். வலிக்கும். வலித்தால் நல்லது என்று டெக்னீஷியன் சொன்னார். ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரைப் பிரித்துக் கொட்டி, வேறு நீர் கலந்து மறுபடி உள்ளே விட்டார்கள். அதுதான் சிகிச்சை. அதற்கான பில்லைப் பற்றி அப்பா என் முன்னால் ஒரு நாளும் பேசவில்லை. அவர் பேசாததிலிருந்தே தெரிந்தது.

எண்ணிக்கை குறைவது ஒரு நாள் நின்றது. என்னை இரண்டு கட்டில் போட்ட அறைக்கு மாற்றினார்கள். தலையைத் திருப்ப முடியும், பேச முடியும், விழுங்க முடியும். கையும் காலும் மட்டும் பொம்மையுடையவை போல் கிடந்தன.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சரசக்கா இருந்தார். வெள்ளகோவில் பக்கம் தோட்டமும், மகன் பார்த்துக்கொள்ளும் எண்ணெய் மில்லும் உள்ள குடும்பம். ஐம்பதைத் தொடாத வயது. கண்ணும் நகமும் மஞ்சள் பூசியது போல் இருந்தன.

"ஏனுங்க அம்மணி, கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நிம்மதியாப் படுத்துக்கலாமுங்க. நானெல்லாம் படுத்தா, பால் கறக்க ஆளில்லைன்னு இங்கியே மாட்டை ஓட்டிட்டு வந்துருவாங்க."

என் அம்மா சிரித்தார். நான் படுத்த பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சரசக்காவின் கணவர் சின்னசாமி, வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. தினமும் இளநீர் கொண்டுவருவார். அவர் மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஸ்ட்ரா வைத்து என் வாயருகே பிடிக்க அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வயசுப் பெண்ணைப் படுக்கையில் பார்க்கக் கூடாது என்ற மரியாதை. நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அந்தச் சொல்லை முழுதாக எடுத்துவிட முடியவில்லை, அதுதான் கசக்கிறது.

இரண்டாம் நாள், சரசக்காவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தபோது, அவர் என் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, அவளுக்குத் தெரியாதுங்க. கணையத்துல கேன்சருங்க. வெறும் காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கறோம். நீங்க இங்கிலீசு படிச்ச புள்ள. கேட்டாலும் கீட்டாலும் காமாலைன்னே சொல்லிப்போடுங்க."

வயிற்றுக்குள் கணையத்தில் வளர்ந்த கட்டி பித்தக் குழாயை அமுக்கியதால் வந்த மஞ்சள் அது. வாய் வழியே குழாய் விட்டு, அடைப்புக்குள் ஒரு சின்னக் குழலைப் பொருத்தியிருந்தார்கள். இடையில் காய்ச்சல் வந்ததால் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். அதற்கு முன் அவர்கள் செய்தது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மஞ்சள் என்றதும் நாட்டு மருந்து, உப்பில்லாப் பத்தியம், ஓர் ஊரில் கேட்காவிட்டால் அடுத்த ஊர். இரண்டு மாதம் அதிலேயே போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கான காலம் அந்த இரண்டு மாதத்தில் தாண்டிவிட்டது.

நான் "சரிங்க" என்றேன். படுத்துக் கிடப்பவள் வேறு என்ன சொல்வாள்.

ஸ்டெல்லா என்னோடு வேலை செய்பவள். மில்களின் பழைய கணக்கு புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் உளறும். அதைத் திருத்துவது எங்கள் வேலை. அவள் மேனேஜரிடம் என்ன சொன்னாளோ, ஆபீஸுக்கு இருந்த ஒரே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். செங்கல் மாதிரி கனம். அதில் நான் காலேஜில் ஒரு முறை முடித்திருந்த ஒரு கேமைப் போட்டிருந்தாள்.

"வேலை இல்லடி. விளையாடு."

"எந்த விரலால்?"

அவள் என் கையைப் பார்த்தாள். அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து, "எனக்கு விரலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்று குரல் வந்தது.

அப்படித்தான் தொடங்கியது. அவருக்குக் கை, எனக்கு இங்கிலீஷ். லேப்டாப்பைச் சாப்பாட்டுப் பலகையில் வைத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே நகர்த்திக்கொள்வோம். அம்புக்குறி நான்கு, எண்டர் ஒன்று. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கேமின் பெயர் இங்கே முக்கியமில்லை. சுட்டுத் தள்ளும் கேம் அல்ல. பனி மூடிய ஒரு தேசம். மலை மேல் ஒரு கிராமத்தில் நெருப்பு அணைந்துபோகிறது. நான்கு பேர் ஒரு விளக்கை அணையாமல் அங்கே கொண்டுபோக வேண்டும்: முன்னால் நடக்கும் ஓர் ஆள், சமைக்கும் ஒரு பெண், ஆடு மேய்க்கும் ஒரு சின்னப் பெண், வழி தெரிந்த ஒரு கிழவர். பகலில் நடப்பார்கள், வழியில் பேசிக்கொள்வார்கள். மாலையில் ஒரு பானை. திரையில் நான்கு பெயரும் அதே வரிசையில் நான்கு வரியாக வரும். இருக்கும் சோற்றை யாருக்கு எத்தனை கரண்டி என்று நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சமாகக் கொடுத்தால் அவர் மறுநாள் தளர்வார். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் நான்கு பேருக்கும் பெயர் வைக்கச் சொல்லும். ஆறு எழுத்துக்குள், இங்கிலீஷில்.

"முன்னாடி நடக்கறவருக்கு என்ன பேரு வெக்கலாமுங்கக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு பேரு. நான் சொல்ல மாட்டேனுங்க. அந்தா உக்காந்திருக்கறாரு, கேட்டுக்குங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த சின்னசாமி வெட்கப்பட்டுச் சிரித்தார். "சின்னான்னு வெச்சுக்குங்க. ஊருல அப்படித்தான் கூப்புடுவாங்க."

சமையல்காரிக்கு சரசு. கிழவருக்கு என் பெயர், வாசுகி. "நீங்கதானுங்களே எல்லாத்துக்கும் வழி சொல்றவிங்க." ஆட்டுக்காரப் பெண்ணுக்கு?

சரசக்கா திரையையே பார்த்தார். பிறகு சத்தமாக, அறைக்கே கேட்கும்படி, "கோகிலா" என்றார்.

சின்னசாமி பேப்பரை நான்காக மடித்தார். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார். சரசக்கா ஒவ்வொரு எழுத்தாக எங்கே இருக்கிறதென்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு விரலால் அடித்தார்.

அவரே பிறகு சொன்னார், சுற்றி வளைக்காமல்.

"என்ற புள்ளைங்க. எங்க தோட்டத்துல வேலை செஞ்சவரோட பையன். அவனும் காலேஜு படிச்சவந்தான். ரெண்டு பேரும் போயிக் கல்யாணம் பண்ணிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு. அன்னைக்கே எல்லாரும் தலை முழுகிப்போட்டாங்க. செத்த ஊடு மாதிரி. ரேசன் கார்டுல பேரை அடிச்சாச்சு. ஊட்டுல ஆரும் அந்தப் பேரைச் சொல்றதில்லீங்க. கன்னுக்குட்டிக்கு வேலைக்காரி அந்தப் பேரை வெச்சுப்போட்டா. கன்னையே வித்துட்டாரு."

"நீங்க பாக்கவே இல்லீங்களா?"

"இந்தக் காமாலை ஆறட்டுமுங்க. திருப்பூருதானே. ஒரு நாளைக்கு இவருக்குத் தெரியாம பஸ் ஏறிப் போயிட்டு வாரேன்."

நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் குடும்பம் எதை மறைக்கிறது, எதற்காக மறைக்கிறது என்று அப்போது புரிந்தது. சாகப்போகிறவள் என்று தெரிந்தால் மகளைக் கேட்பாள். கேட்டால் மறுக்க முடியாது. காமாலை என்றால் மறுக்கவே வேண்டியதில்லை. காலம் இருக்கிறது என்று அவரே நினைத்துக்கொள்வார்.

அதன் பிறகு வந்த நாட்களில் அந்த அறையில் கோகிலா என்ற பெயர் ஓயாமல் கேட்டது. "கோகிலா, ஓரமா நட கண்ணு." "கோகிலாளுக்குக் குளுருமுங்க, அந்தக் கம்பளியைக் குடுக்கலாமுங்களா?" ஊசி போட வரும் நர்ஸ்கள் முதலில் கேட்பதே, "கோகிலா எங்க போயிருக்கறா?" என்றுதான். என் கால்களை மடக்கி நீட்ட வரும் பிசியோதெரபிஸ்ட், "ஆடெல்லாம் பத்திரமா?" என்பார். சின்னசாமியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பொம்மை விளையாட்டில் வரும் ஒரு பெயருக்கு யார் மேல் கோபப்படுவது?

மாலைச் சாப்பாட்டில் சரசக்கா எப்போதும் ஒரே மாதிரிதான் பங்கு வைப்பார். கோகிலாவுக்கு ஒரு கரண்டி அதிகம். அதைச் சின்னாவின் பங்கிலிருந்து எடுப்பார்.

"அவரு முன்னாடி நடக்கணுமுங்கக்கா. தளந்துருவாரு."

"தளரட்டுமுங்க. தொப்பை இருக்குதல்லோ."

சரசக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் திரையில் கோகிலா பெயரின் ஆறு எழுத்து வடிவம் அவருக்குப் பழகிவிட்டது. மூன்றாவது வரி வந்ததும் விரலால் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் செய்வார்.

எனக்குக் கேமின் கதை முழுவதும் தெரியும். பாதி வழியில் உறைந்த ஓர் ஆறு வரும். அதைத் தாண்டும்போது பனிக்கட்டி உடைந்து ஆட்டுக்காரப் பெண் போய்விடுவாள். எப்படி விளையாடினாலும், எத்தனை கரண்டி போட்டாலும் போய்விடுவாள். காலேஜில் விளையாடியபோது, ஏதாவது வழி இருக்கும் என்று நானும் ஹாஸ்டல் தோழிகளும் விதவிதமாக முயன்றோம். வழி கிடையாது.

ஆறு நெருங்க நெருங்க நான் அவர்களைப் பழைய கிராமங்களுக்கே திருப்பிக்கொண்டிருந்தேன். "இந்தப் பக்கமா ஒரு வேலை பாக்கி இருக்குதுங்கக்கா." மூன்று பேரும் ஆடுகளும் என் பொய்யின் பின்னால் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நானும் அந்த அறையில் இன்னொரு சின்னசாமிதான் அப்போது.

ஒரு காலை என்னைச் சக்கர நாற்காலியில் பிசியோதெரபி அறைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது சரசக்கா லேப்டாப் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் மாலைப் பானை. நான்கு வரிகள். மூன்றாவதில் பெயர் இல்லை.

"சும்மா நேரா நடந்து பாத்தனுங்க" என்றார். "என்னமோ உடைஞ்சுது. அப்பறம் இது வந்துது. இங்க ஏனுங்க காலியா இருக்குது?"

அவர் கீழ் அம்புக்குறியை அழுத்தினார். கரண்டி முதல் வரியில் நின்றது, இரண்டாவதில் நின்றது, காலி வரியிலும் நின்றது. அங்கே எண்டர் அழுத்தினால்தான் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

இதைப் பற்றி ஒரு புரோகிராமராக நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றதை மேலே நகர்த்துவது சுலபம். நான்கு, மூன்றாகிவிடும், யாருக்கும் உறுத்தாது. இவர்கள் அதைச் செய்யவில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அந்த வரியைக் காலியாகவே வைக்க வேண்டும், கரண்டி அங்கே நிற்க வேண்டும், விளையாடுபவர் ஒவ்வொரு மாலையும் அந்த வெறுமையைத் தன் விரலால் தாண்ட வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறார். அழுகைப் பாட்டு இல்லை, வசனம் இல்லை. மற்றக் கதைகளில் யாராவது செத்தால் நாம் பார்த்துக்கொண்டிருப்போம். இதில் நம் கை அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரு கதை இப்படியும் ஆளைப் பிடிக்கும் என்று ஹாஸ்டலில் எனக்குத் தெரிந்தது. ஆனால் அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"செத்துப்போச்சுங்களா?"

"ஆமாங்கக்கா."

"திருப்பி வராதுங்களா?"

"வராதுங்க. ஆனா ஆத்துக்கு முன்னாடி சேமிச்சு வெச்சது இருக்குதுங்க. அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

"கூட்டிட்டு வாங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். ஆற்றங்கரை, கூடாரம், நெருப்பு. நான்கு வரிகளும் நிரம்பி வந்தன. மூன்றாவதை விரலால் தொட்டார். "இங்கியே இருக்கட்டுமுங்க. ஆத்தைத் தாண்ட வேண்டாம். அந்த ஊருக்காரங்க வேற நெருப்புப் பாத்துக்கட்டும்."

லேப்டாப்பை மெல்ல மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி. அந்தப் பொட்டி என்கிட்ட மறைக்கல. இருக்கறதக் காட்டுச்சு. என்ற பைலும் இங்கிலீசுதானுங்களே?"

ஒரு வாரத்துக்கு முன் அவர் டாக்டரிடமே கேட்டிருந்தார். டாக்டர் சின்னசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "காமாலைதாம்மா, நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு என் கட்டிலுக்கு நகர்ந்தார். அதையும் நான் பார்த்திருந்தேன்.

அவர் கட்டில் காலடியிலிருந்து பைலை எடுத்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். என்னால் பிடிக்க முடியாதல்லவா. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ரத்தச் சோதனை என்றேன், ஸ்கேன் என்றேன். திசுச் சோதனைத் தாள் வந்தது. படித்துச் சொன்னேன்.

"புத்துநோய்ங்கக்கா. கணையத்துல."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளைக்குங்க?"

"அது இதுல எழுதலீங்க."

"எழுதலீன்னா கொஞ்சந்தான்."

அழவில்லை. தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டார். "ஒரு நம்பரு சொல்றேன், உங்க சினேகிதப் புள்ளைய விட்டுப் பேசச் சொல்லுங்க. திருப்பூருல அவ ஊட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பரு. கூப்பிட்டா ஆளனுப்பிக் கூப்பிட்டு விடுவாங்களாமா." தாளில் எங்கும் எழுதாமல், ஒரு முறைகூடச் சுழற்றாமல், இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்த நம்பர்.

மதியம் வந்த ஸ்டெல்லா கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வந்தாள். "காலைல முதல் பஸ்ஸுக்கு வர்றாங்களாம்."

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். சரசக்கா மறைத்திருந்தால் மறுநாள் மகளைப் பார்த்திருப்பார். அவர் மறைக்கவில்லை. மாலையில் கணவர் வந்ததும், எழுந்து உட்கார்ந்து, "நாளைக்குக் கோகிலா வாரா. நாந்தான் வரச் சொன்னேன். எனக்கு என்ன வியாதின்னு தெரியும்" என்றார். மறைத்து மறைத்து அவருக்குப் போதுமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சின்னசாமி சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம்கூட 'ங்க' போட்டுத்தான் வரும். என்னிடம் வந்தார். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"படிச்ச புள்ளைன்னு நம்பித்தானுங்க சொன்னேன். நல்லா இருங்க."

பிறகு என் அம்மாவிடம் திரும்பினார். "உங்க ஊட்டு விசயத்தை நாங்க ஆருகிட்டயும் பேசலீங்க. புள்ள பெங்களூருல இல்லை, இங்க படுத்திருக்குதுன்னு எங்களுக்குந் தெரியுமுங்க."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

சின்னசாமி டாக்டரைப் பார்த்தார், மனைவியை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கையெழுத்துப் போட்டார், டாக்சி வந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. சரசக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "காலைல வரைக்கும் இருந்துட்டு வாரேனுங்க. ஒரே ஒரு ராத்திரி" என்று கணவரிடம் கெஞ்சினார். அவர் அந்த விரல்களை மெதுவாக, வலிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கதவருகே சரசக்கா என்னைப் பார்த்து, "அவ வந்தா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க அம்மணி" என்றார்.

என் பங்கு இளநீர் மேஜையில் இருந்தது. சின்னசாமி அதை வெட்டி, ஸ்ட்ரா போட்டு வைத்திருந்தார். அம்மா அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றினார்.

கோகிலா காலையில் வந்தபோது ஆயா அந்தக் கட்டிலைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த பெண், பனியன் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலேயே வந்திருந்தாள். ஈரக் கட்டிலைப் பார்த்ததும் அவள் வேறு மாதிரி நினைத்துவிட்டாள் என்று எனக்கு உடனே புரிந்தது.

"உசுரோட இருக்கறாங்க" என்றேன் முதலில். "நேத்து சாயங்காலம் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவள் ஈரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். "நமக்கெதுக்கு வம்பு" என்று இரவெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்த என் அம்மா, எனக்குக் கொண்டுவந்த இட்லியைத் தட்டில் போட்டு அவள் மடியில் வைத்தார். "உங்கம்மா சாப்பிடச் சொல்லிட்டுத்தான் போனாங்க கண்ணு. சாப்பிடு."

சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாங்க?"

எல்லாம் சொன்னேன். கடைசியில் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். ஆற்றங்கரை, நெருப்பு, நான்கு பெயர்கள். தன் பெயரை அவள் உடனே பார்த்துவிட்டாள்.

"இதுல எனக்கு மட்டும் ஏனுங்க இத்தனை?"

"உங்கம்மா போட்டது. தினமும் அப்படித்தான். உங்கப்பாகிட்ட இருந்து எடுத்து."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எந்தச் சாவி என்று கேட்டு, தன் வரியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து சரசுவின் வரிக்கு மாற்றினாள். அதற்கு மேல் அவளும் எதையும் அழுத்தவில்லை.

அன்றே வெள்ளகோவில் போனாள். நடந்ததை அவளே பிறகு வந்து சொன்னாள். கேட் பூட்டியிருந்தது. அப்பா வெளியே வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளை நேருக்கு நேர் பார்த்து, "ஆருங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன் என்றாள். வீட்டுக்குள் யாரோ கூப்பிடுவது போல் கேட்டதாம். அது அம்மாவின் குரல்தானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஐப்பசியில் சரசக்கா இறந்தார். ஒரு வாரம் கழித்து, பஸ்ஸில் அந்த வழியே போன யாரோ கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்துச் சொல்லித்தான் கோகிலாவுக்குத் தெரிந்தது. கணவர், மகன், மருமகள், பேரன், பங்காளிகள். பெயர்களெல்லாம் நெருக்கமாக, ஒழுங்காக அச்சாகியிருந்தன. இடையில் எங்கும் இடைவெளி இல்லை.

தெரிந்துகொண்டதால் சரசக்காவுக்கு என்ன கிடைத்தது என்று என் அப்பா கேட்டார். கடைசி மாதம் நிம்மதியாக இருந்திருப்பாள், நீ கெடுத்துவிட்டாய் என்றார். ஒரு நாள் மதியம் முழுக்க சரசக்கா தன் மகளுக்காகக் காத்திருந்தார். அது மட்டும் கிடைத்தது. நான் பார்த்தேன், பவுடர் போட்டுக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. நான் கைப்பிடி இல்லாமல் நடக்கிறேன். இடது பாதம் இன்னும் தரையில் தட்டுகிறது, படி இறங்கும்போது கவனம் வேண்டும். சுண்டுவிரல் இரண்டும் மரத்தே இருக்கின்றன, டைப் அடிக்க அவை தேவைப்படும் இடங்களில் வேறு விரலை வைத்துப் பழகிவிட்டேன். பேசிக்கொண்டிருந்த வரன் நின்றுவிட்டது. ஆபீஸில் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கோகிலா திருப்பூரில் அதே கம்பெனியில் இருக்கிறாள், வயிற்றில் குழந்தைக்கு இது ஐந்தாம் மாதம். அவளிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒன்று கேட்டுத் தன் அப்பாவிடம் ஆள் அனுப்பியிருக்கிறாள். இன்னும் வரவில்லை.